பழைய காரின் உயிர் ஒரு சின்ன மூடியில்!

திருவனந்தபுரம் – நமது நிருபர்

மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்துடன் நின்றுபோயிற்று. பிரிமியர் பத்மினியின் காலம் அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று சொன்னால் இன்றைய இளைஞர்களில் பலர் விழிக்கிறார்கள். ஆனாலும் நமது நகரில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதிகளில் இப்போதும் சில வீட்டு முற்றங்களில் இந்தக் கார்கள் துணி போர்த்தி நிற்கின்றன. தகப்பனார் வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று மனம் வராமல் வைத்திருப்பவர்கள் சிலர். கல்யாணத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டு அதில் நாலு காசு பார்ப்பவர்கள் சிலர்.

இந்தக் கார்களில் பல, பெரிய நோயால் சாகவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தகட்டு மூடி துருப்பிடித்து ஓட்டையாகி, அதை யாரும் கவனிக்காமல் விட்டதால் எஞ்சின் வெந்து போய், இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தவை அவை. அச்சாணி கழன்றால் தேர் நகராது என்பார்கள். காருக்கும் அப்படி ஓர் அச்சாணி உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பென்ஸ் காரின் பாடம்

பழைய காரை ஓடும் நிலையில் வைத்திருப்பதற்குத் திருவனந்தபுரத்தில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வைத்திருந்த மெர்சிடஸ் பென்ஸ் 180 காரை இவ்வூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1950-களில் பெங்களூரில் பதிவான ‘சி.ஏ.என். 42’ என்ற எண்ணுடன் அது இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது. அந்தக் காரைத் தந்தால் புதுக் கார் தருவதாகக் கம்பெனியே சொன்னபோதும் அவர் சம்மதிக்கவில்லை என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காலமாகும் வரை அந்தக் கார் அவருடனேயே இருந்தது.

அரண்மனைக் காருக்கு ஆள் உண்டு, பணமும் உண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு எஞ்சினை ஐம்பது, அறுபது ஆண்டுகள் காப்பாற்றுவது பணத்தைவிடக் கவனத்தைப் பொறுத்தது. ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம், எப்போது மாற்றுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

பனி இல்லாத ஊரில் பனி மூடி

இந்த மூடிக்குப் பல பெயர்கள். மேல்நாட்டில் ‘ஃப்ரீஸ் பிளக்’ என்கிறார்கள். அதாவது, பனி உறைவதற்கான மூடி. ‘கோர் பிளக்’, ‘வெல்ச் பிளக்’ என்றும் சொல்வதுண்டு. நமது பட்டறைகளில் ‘டம்மி’ என்றால் போதும், மெக்கானிக்குக்குப் புரிந்துவிடும்.

பனி உறையும் மூடிக்குத் திருவனந்தபுரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நமது நகரில் தண்ணீர் உறைந்ததாகச் சரித்திரமே இல்லை. உண்மை யாதெனில், அந்தப் பெயரே தவறான பெயர்.

எஞ்சின் பிளாக் என்பது வார்ப்பு இரும்பு. அதை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடுவதற்கு வழி வேண்டும். அந்த வழியின் வடிவத்தில் மணலைக் கெட்டிப்படுத்தி, அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். அந்த மணல் கருவைத் தாங்கிப் பிடிக்கவும், வார்ப்பு முடிந்தபின் மணலை வெளியே எடுக்கவும் பக்கங்களில் துவாரங்கள் அவசியம். வேலை முடிந்ததும் துவாரங்களை அடைக்க வேண்டும் அல்லவா? அதற்கு வந்ததே இந்த மூடி. ‘கோர்’ என்பது அந்த மணல் கரு. ஆகவே கோர் பிளக் என்பதே சரியான பெயர்.

குளிர் நாடுகளில் இரவில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிடும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். அந்த நெருக்கலில் சில சமயம் இந்த மூடி வெளியே தள்ளப்பட்டு பிளாக் தப்பித்துக் கொள்வதும் உண்டு. மூடி விழுந்ததைப் பார்த்தவர்கள், இது அதற்காகவே வைத்த பாதுகாப்பு என்று நினைத்து அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மூடி அப்படியே இருக்க, பிளாக் வெடித்த சம்பவங்களும் ஏராளம். எனவே இது பாதுகாப்பு மூடி அல்ல.

ரயில்வேக்காரர்களுக்கு இந்த வேற்றுமை எளிதில் விளங்கும். நீராவி எஞ்சினின் பாய்லரில் இரண்டு வகை மூடிகள் இருந்தன. ஒன்று, நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் அடைத்த மூடி. தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி பீய்ச்சி, ஆபத்தை அறிவிக்கும். அது பாதுகாப்புக்காகவே வைத்தது. மற்றொன்று ‘வாஷ் அவுட் பிளக்’. குறித்த காலத்தில் கழற்றி, உள்ளே படிந்த சேற்றைக் கழுவி வெளியேற்றுவதற்கானது. காரின் டம்மி முதல் வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டாவதற்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

நாணயம் காட்டிய வழி

ஆரம்ப கால மோட்டார் எஞ்சின்களில் இந்தத் துவாரங்களுக்கு மரை போட்டு, குழாய்களுக்குப் போடுவது போன்ற திருகு மூடிகளைப் பொருத்தினார்கள். அதிர்வில் அவை கழன்று விழுவது வழக்கம். அமெரிக்காவில் 1900-களில் வெல்ச் சகோதரர்கள் ஒரு கார் கம்பெனி நடத்தினார்கள். சோதனை ஓட்டத்தின்போது இப்படி ஒரு மூடி கழன்று விழவே, சகோதரர்களில் ஒருவர் பையில் இருந்த நாணயத்தை அந்தத் துவாரத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டு வண்டியை ஓட்டிச் சென்றாராம். அதிலிருந்து பிறந்ததே ‘வெல்ச் பிளக்’ என்று சொல்லப்படுகிறது.

பின்னர் கிண்ண வடிவ மூடிகள் வந்தன. இன்று பட்டறைக்கு வரும் பழைய கார்களில் இரண்டு வகையும் உண்டு. ஒன்று, நடுவில் லேசாகப் புடைத்த வட்டத் தகடு. மற்றொன்று, விளிம்பு மடிந்த சிறு கிண்ணம். இவற்றைப் பொருத்தும் முறை வேறு வேறு. இது தெரியாமல் வேலை செய்தால் மறுபடியும் ஒழுகும்.

அம்பாசடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார். பல ஆண்டுகள் அதற்கு உயிர் கொடுத்த 1,489 சி.சி. எஞ்சினும் ஆங்கிலேயர் வடிவமைத்தது. எனவே அதன் அளவுகள் அங்குலக் கணக்கு. பத்மினியின் பூர்வீகம் இத்தாலியின் ஃபியட். அதன் அளவுகள் மில்லிமீட்டர். ஏறக்குறைய சரியாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு மற்றொன்றை அடித்து வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வது விபரீதத்தில் முடியும்.

ஏன் ஓட்டையாகிறது?

எஞ்சின் பிளாக்கின் சுவர் தடிமனான வார்ப்பு இரும்பு. மூடியோ ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. இரண்டையும் ஒரே தண்ணீர்தான் தொடுகிறது. துருப்பிடித்தால் முதலில் ஓட்டையாவது மெல்லிய தகடுதான்.

வெளியே பார்த்தால் மூடி நன்றாகவே தெரியும். பெயிண்டுகூட உரிந்திருக்காது. துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். ஒரு நாள் ஊசிமுனை அளவு துவாரம் விழும்.

நமது ஊரில் இது சீக்கிரம் நடப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தண்ணீர் உறையாது, ஆகவே கூலன்ட் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ ஊற்றிவிடுகிறார்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு கலந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ந்திருக்கும். இரண்டும் இரும்புக்கு ஆகாதவை. அதிலும் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிராணவாயுவும் உள்ளே போகிறது. துருவுக்கு அதுவே தீனி.

கூலன்ட் என்பது உறையாமல் தடுப்பதற்கு மட்டுமல்ல. தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவது ஒரு வேலை. துருவைத் தடுக்கும் மருந்துகளைத் தாங்கி நிற்பது இன்னொரு வேலை. நமக்கு முக்கியம் இந்த இரண்டுமே. அந்த மருந்துகளும் நாளாவட்டத்தில் வீரியம் இழக்கும். ஆகவே டப்பாவில் சொன்ன காலத்தில் கூலன்டை மாற்றியாக வேண்டும்.

அறிகுறிகள்

வாரம் ஒரு முறை ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் ஹோஸ் பைப்பில் ஒழுக்கு இல்லை என்றால் டம்மியைச் சந்தேகிக்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் மூடியிலிருந்து கீழ்நோக்கிச் செம்பழுப்புக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். காலையில் காரின் அடியில் ஈரம் இருக்கும். வண்டி சூடானதும் ஈரம் உலர்ந்து, கறை மட்டும் நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. தண்ணீர் முழுவதும் போய்விட்டால் டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறுவதற்குப் பதில் இறங்கவும் கூடும். அளவு காட்டும் கருவி தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போனபின் அது காட்டுவது பொய்க் கணக்கு. முள் இறங்கிவிட்டதே என்று மகிழ்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும்.

‘பிளாக் விரிசல்’ என்னும் பயமுறுத்தல்

டம்மி ஒழுகுவதைப் பார்த்துவிட்டு ‘பிளாக்கில் விரிசல், எஞ்சினை இறக்க வேண்டும்’ என்று சொல்லிவிடும் பட்டறைகளும் உண்டு. பழைய எஞ்சின்களில் பழக்கமில்லாதவர்கள் தெரியாமல் சொல்லலாம். தெரிந்தே சொல்பவர்களும் இல்லாமல் இல்லை. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர் இதைக் கேட்டால் என்ன செய்வார்? காரை எடைக்குப் போட்டுவிடுவார். மூடியின் விலை சொற்பம். அதற்காகப் போவது ஒரு குடும்பத்தின் நாற்பது வருட நினைவு.

ஆகவே சில வேற்றுமைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலக்கிறது. கேஸ்கெட்டோ விரிசலோ காரணமாக இருக்கலாம். வண்டி நன்கு சூடான பிறகும் சைலன்ஸரில் வெண்புகை ஓயாமல் வந்தாலும் அப்படியே. ஆயில் சுத்தமாக இருந்து, புகையும் இல்லாமல், தண்ணீர் வெளிப்பக்கம் மட்டும் ஒழுகினால், முதலில் டம்மிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு பொருத்தி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி உண்டு. எஞ்சின் ஆறிய நிலையில் அதை வைத்துப் பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

மாற்றும் முறை

கை தேர்ந்த மெக்கானிக்குக்கு இது புதிதல்ல. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கும் சொந்தக்காரருக்கும் விவரம் தெரிந்திருந்தால் வேலை சுத்தமாக நடக்கும்.

முதலாவது, எஞ்சின் முழுவதும் ஆற வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்கள் உண்டு. பாட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடிக்குழாயையும் பிளாக்கின் பக்கவாட்டுக் குழாயையும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். பிளாக் குழாய் திறந்தும் தண்ணீர் வராவிட்டால், உள்ளே துருச்சேறு அடைத்திருக்கிறது என்று பொருள். கம்பியால் குத்தினால் வழி விடும்.

மறைத்து நிற்கும் பாகங்களை அடுத்துக் கழற்ற வேண்டும். சில மூடிகள் கைக்கு எட்டும். சில மேனிஃபோல்டுக்குப் பின்னாலோ டைனமோவுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். சில எஞ்சின்களில் பின்பக்கம், ஃப்ளைவீல் பக்கமாகவும் ஒன்று இருக்கும். அதற்கு மட்டும் கியர் பாக்ஸை இறக்க வேண்டி வரும். கிளச் வேலைக்காக எப்படியும் இறக்கும்போது அந்த மூடியையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கிண்ண மூடியைக் கழற்ற, அதன் ஒரு ஓரத்தில் மழுங்கிய பஞ்சை வைத்து மெல்ல அடித்தால் அது குறுக்கே திரும்பும். திரும்பியதும் இடுக்கியால் பிடித்து இழுத்துவிடலாம். உள்ளே விழும்படி அடித்துவிடக் கூடாது. விழுந்தால் தண்ணீர் வழியில் கிடந்து தடையாகும். தட்டு மூடியானால் நடுவில் சிறு துவாரம் போட்டு நெம்பி எடுக்க வேண்டும். இங்கேதான் ஆபத்து. மூடிக்குப் பின்னால் சற்று தூரத்திலேயே சிலிண்டர் சுவர் இருக்கிறது. டிரில்லை அழுத்தித் தள்ளினால் சிலிண்டரே காயமாகும். தகடு துளைபட்ட கணமே நிறுத்த வேண்டும்.

மூடி வந்ததும் அந்தத் துவாரத்தின் வழியே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பல பட்டறைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுத் துருவும் சேறும் பிளாக்கின் அடியில், குறிப்பாகப் பின் சிலிண்டர்களைச் சுற்றித் தங்கியிருக்கும். அதை அகற்றாமல் புது மூடி போடுவது, அழுக்குப் பாத்திரத்தில் புதுப் பால் ஊற்றுவது போல.

பிறகு, மூடி உட்காரும் வளையத்தை எமரி பேப்பரால் பளபளவென்று தேய்க்க வேண்டும். குறுக்கே கீறல் விழக்கூடாது. அந்தக் கீறல் வழியாகவே தண்ணீர் கசியும். துவாரத்தின் அளவை வெர்னியரால் எடுத்து, அதற்குரிய மூடி வாங்க வேண்டும். கழற்றிய பழைய மூடியை அளந்து பயனில்லை. அது வளைந்திருக்கும். மூடி, துவாரத்தைவிட மயிரிழை பெரிதாக இருப்பது சரியே. அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது.

வளையத்தில் ஷெல்லாக் போன்ற பசையை மெல்லியதாகத் தடவி, கிண்ண மூடியை நேராக வைத்து, அதன் உட்புறத்துக்குச் சற்றுச் சிறியதான சாக்கெட் அல்லது உருளையை உள்ளே வைத்துச் சுத்தியலால் சீராக அடிக்க வேண்டும். விளிம்பு, துவாரத்தின் சரிவைத் தாண்டிச் சற்றே உள்ளே போனதும் நிறுத்திவிடலாம். கோணலாகப் போனால் எடுத்துவிட்டு வேறு மூடி போடுவதே முறை.

தட்டு மூடிக்கு வேறு விதி. புடைத்த பக்கம் வெளியே பார்க்க வைத்து, நடுவில் ஒரு தட்டு. புடைப்பு அமுங்கித் தட்டையாகும்போது விளிம்பு விரிந்து வளையத்தைக் கவ்விக்கொள்ளும். ஆசையால் இன்னும் இரண்டு அடி போட்டால் நடு குழிந்து, விளிம்பு மறுபடியும் சுருங்கிவிடும். அப்புறம் அது நிற்காது.

பசை உலர நேரம் கொடுத்து, கூலன்ட் ஊற்றி, எஞ்சினை ஓட விட்டு, சூடானபின் ஒரு முறையும் மறுநாள் காலை ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஒரு மூடி போயிருந்தால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான். கைக்கு எட்டுவன எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது கூலிக்கு லாபம்.

பித்தளையா, இரும்பா?

இரும்புத் தகடு மலிவு. பித்தளை துருப்பிடிக்காது. பித்தளையும் இரும்பும் தண்ணீரில் சேர்ந்தால் அரிப்பு வருமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். சிறிய பித்தளை மூடியும் பெரிய இரும்பு பிளாக்கும் சேரும் இடத்தில், நல்ல கூலன்ட் இருந்தால், அது பெரிதாகப் பாதிப்பதில்லை. பழைய காருக்குப் பித்தளையே நல்லது என்பது அனுபவஸ்தர்கள் பலரின் கட்சி.

சாமான் இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் விசாரிக்கலாம். அளவு சரியாகக் கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து தருபவர்களும் உண்டு.

நடுவழியில் மூடி போய்விட்டால் லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது பழைய வழக்கம். சிறு ஒழுக்கு தற்காலிகமாக அடைபடும். ஆனால் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வீடு வந்து சேர்வதற்கு மட்டும் அது உதவும். போல்ட்டை இறுக்கினால் விரியும் ரப்பர் மூடியும் உண்டு. அதுவும் தற்காலிகமே.

கூலன்ட் வாங்கும்போது, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதா என்று டப்பாவில் படித்துப் பார்க்க வேண்டும். கலப்பதற்குப் பாட்டரித் தண்ணீரே உத்தமம். வடித்த பழைய கூலன்டை முற்றத்தில் கொட்டக் கூடாது. அது இனிப்பாக இருக்கும், ஆனால் கடும் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இரட்டிப்புக் கவனம் தேவை.

சட்டமும் துணை நிற்கிறது

15 ஆண்டு கடந்த கார்களின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் மேலும் கூட்டப்பட்டது. பழைய கார் வைத்திருப்போருக்கு இது சுமைதான். தகுதிச் சான்றுக்குப் போகும்போது ஒழுகும் எஞ்சினுடன் போய் நிற்க முடியாது.

அதே சமயம் 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் உள்ள வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்ய இடமுண்டு. எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அன்றாட உபயோகத்துக்கும் வாடகைக்கும் அதை ஓட்ட முடியாது. இதில் கவனிக்க வேண்டியது, எஞ்சினும் சேஸிஸும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. எஞ்சின் வெந்து, வேறு எஞ்சின் வைத்த காருக்கு இந்தக் கௌரவம் கிடைப்பது கஷ்டம். மூல எஞ்சினைக் காப்பாற்றியவருக்கே வழி திறக்கிறது.

இந்த வேலையைக் கற்ற மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து பட்டறை வைத்த பழைய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. சுத்தியலின் சத்தத்தைக் கேட்டே மூடி சரியாக உட்கார்ந்ததா என்று சொல்லிவிடக்கூடிய கைகள் அவை. புதுப் பையன்கள் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆகவே இருக்கிறவர்கள் இருக்கும்போதே வேலையைச் செய்துகொள்வதும், பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி வேடிக்கை பார்க்கச் சொல்வதும் நல்லது.

பழைய கார் உள்ள வாசகர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, பிளாக்கின் பக்கங்களைப் பாருங்கள். பழுப்புக் கோடு இல்லையென்றால் நிம்மதியாக மூடிவிடலாம். இருந்தால் அடுத்த வாரம் வரை தள்ளிப் போட வேண்டாம்.